பளபளப்புக்கு எத்தனை மாத வாடகை?

பழைய கண்டோன்மென்ட் ஊரான போலாரத்தில் ஷாபாத் கல் தரைகள் டைல்ஸுக்கு இடம் விட்டுக்கொண்டிருக்கின்றன. வாடகையை நம்பியிருக்கும் வீட்டுக்காரருக்கு இதனால் லாபம் உண்டா?

செகந்திராபாத்திலிருந்து மேட்சல் போகும் எம்.எம்.டி.எஸ். ரயிலில் ஏறினால், நிலையங்களின் பெயர்களே ஊரின் வரலாற்றைச் சொல்லிவிடும். மல்காஜ்கிரி, சஃபில்குடா, அம்முகுடா என்று வரிசையாக வந்துகொண்டிருக்கும் ஊர்ப்பெயர்களுக்கு நடுவே திடீரென்று ‘கேவல்ரி பாரக்ஸ்’ வருகிறது. அதையடுத்து அல்வால், போலாரம் பஜார், பிறகு போலாரம். முதலில் குதிரைப்படை, பிறகு அதை நம்பிப் பிழைத்த கடைவீதி, கடைசியில் ஊர்.

ஹைதராபாத்தின் வடக்கே இருக்கும் இந்தச் சிற்றூரை உண்டாக்கியது ராணுவம். 1806-இல் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் செகந்திராபாத் கண்டோன்மென்ட் உருவானது. அதன் வடகோடியான போலாரத்தில் ‘ஹைதராபாத் கான்டிஞ்சென்ட்’ என்ற படை தங்கியது. ஆணையிட்டவர்கள் ஆங்கிலேய அதிகாரிகள். செலவு மட்டும் நிஜாமுடையது. அந்தப் படையின் பராமரிப்புச் செலவில் பாக்கி ஏறிக்கொண்டே போக, 1853-இல் பேரார் பிரதேசத்தையே ஆங்கிலேயரிடம் ஒப்படைக்க வேண்டிய நிலை நிஜாமுக்கு வந்தது. ஆக, பராமரிப்புச் செலவைச் சரியாகக் கணக்குப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பது போலாரத்துக்கு நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த பாடம்.

ஊரின் மிகப் பெரிய வீட்டில் அந்தக் கவலை இல்லை. 1860-இல் கட்டப்பட்டு, ஒரு காலத்தில் ஆங்கிலேய ரெசிடென்டின் வசம் இருந்த மாளிகைதான் இன்றைய ராஷ்டிரபதி நிலையம். சுமார் 90 ஏக்கர் தோட்டத்தின் நடுவே ஒரே தளத்தில் அமைந்த 11 அறைகள். வீட்டுக்குரியவர் குடியரசுத் தலைவர். தென்னாட்டுப் பயணத்தின்போது சில நாட்கள் மட்டும் வந்து தங்குவார் என்றாலும் ஆண்டு முழுவதும் வீடு தயாராக இருக்கும். 2023 மார்ச் முதல் பொதுமக்களும் ஆண்டு முழுவதும் பார்க்கலாம் என்று ஆகியிருக்கிறது. சற்றுத் தள்ளி 1847-இல் எழுப்பப்பட்ட ஹோலி டிரினிட்டி தேவாலயம். 1983 நவம்பரில் எலிசபெத் ராணி தன் திருமண நாளன்று வழிபட்ட இடம் அது. இந்தப் பெரிய கட்டடங்களைக் கவனித்துக்கொள்ள அரசும் திருச்சபையும் இருக்கின்றன. இவற்றுக்கு இடையே பஜார் சந்துகளில் இருக்கும் சின்ன வீடுகளின் கதை வேறு.

இந்த வீடுகளின் சொந்தக்காரர்களை ‘முதலீட்டாளர்கள்’ என்றால் அவர்களுக்கே சிரிப்பு வரும். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் வீடு கட்டி, ஒரு பாகத்தில் தாம் இருந்துகொண்டு மறு பாகத்தை வாடகைக்கு விட்டவர்கள். மகன் வெளிநாடு போனபின் மாடியைப் பூட்டி வைக்க மனமில்லாத பெற்றோர். கணவரின் பென்ஷனில் பாதி நின்றுபோக, வாடகைப் பணத்தில் மருந்து வாங்கும் பெண்கள். மதராஸ் படைப்பிரிவுகளின் பின்னால் வந்து கண்டோன்மென்ட் பகுதியில் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களும் இவர்களில் உண்டு. வாடகைக்கு வருபவர்களும் பலவகை: மாற்றலாகி வரும் ராணுவத்தினரின் குடும்பங்கள், ஜீடிமெட்லா, மேட்சல் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்கள், ஷாமீர்பேட்டை ஜீனோம் வேலியின் மருந்து ஆய்வுக்கூடங்களுக்குப் போய்வரும் இளைஞர்கள். 2023 ஏப்ரலில் மேட்சல் வரை எம்.எம்.டி.எஸ். ஓடத் தொடங்கியபின், செகந்திராபாத்தில் வேலை பார்ப்பவர்களும் இந்தப் பக்கம் வீடு தேடலாம் என்று ஆனது.

வீடு பார்க்க வருபவர் மேலே பார்ப்பதற்கு முன் கீழேதான் பார்க்கிறார். அங்கே இருப்பது பெரும்பாலும் ஷாபாத் கல்.

வட கர்நாடகத்தில் கலபுர்கி மாவட்டத்தில் இருக்கும் ஷாபாத், 1956 வரை ஹைதராபாத் ராஜ்ஜியத்தின் ஊர். அங்கே பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல், அப்பளம் அடுக்கியதுபோல் படலம் படலமாக இருக்கிறது. கடப்பாரையால் நெம்பினால் பலகை பலகையாகப் பெயர்ந்து வரும். தெலங்கானாவில் விகாராபாத் மாவட்டத்துத் தாண்டூரிலும் இதே இனக் கல்தான். நீலம் கலந்த சாம்பலிலும் மஞ்சளிலும் கிடைக்கிறது. வாடியிலிருந்து தாண்டூர் வழியாகச் செகந்திராபாத்துக்கு நிஜாமின் ரயில் பாதை 1874-இல் வந்தது. கல்லும் ரயிலேறியது. பங்களாவின் வராந்தாவோ, பஜார் வீட்டுச் சமையலறையோ, அந்தக் காலத்து ஹைதராபாத்தில் காலடியில் இருந்தது இந்தக் கல்தான். காரைக்குடிக்கு ஆத்தங்குடிக் கல் எப்படியோ, ஹைதராபாத்துக்கு ஷாபாத் அப்படி. சென்னையில் சமையல் மேடைக்குக் கடப்பாக் கல் போட்டவர்களுக்கு இந்த உறவு எளிதில் புரியும்.

அந்தக் கல்லின் குணமும் குறையும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. அது சுண்ணாம்பு. கனமாக இருப்பதால் ஏப்ரல், மே வெயிலிலும் சட்டென்று சூடாகாது. அடியிலிருந்து வரும் ஈரத்தைப் பூட்டி வைக்காமல் மெல்ல வெளியே விடும். ஆனால் அமிலம் ஆகாது. புளிக்கரைசல் சிந்தினாலும், எலுமிச்சம்பழத் தோலை நறுக்கிப் போட்டு மறந்தாலும், குளியலறை கழுவும் ஆசிட் தெறித்தாலும் அந்த இடம் வெளுத்துச் சொரசொரப்பாகிவிடும். கற்களுக்கு இடையிலான கலவை நாளடைவில் உதிர்ந்து எறும்புக்கு வழிவிடும். இருபது வருடம் பாலிஷ் காணாத தரையைப் பார்க்கும் இளம் தம்பதிக்கு அது பழைய வீடாகத்தான் தெரிகிறது. பக்கத்துத் தெருவில் முகம் பார்க்கும்படி மின்னும் விட்ரிஃபைடு தரையோடு இன்னொரு வீடு காலியாக இருக்கிறது. அடுத்த வாரமே வீட்டுக்காரர் டைல்ஸ் கடையில் நிற்கிறார்.

கடையில் இருக்கும் டைல்ஸ் பெரும்பாலும் குஜராத்தின் மோர்பியிலிருந்து வருபவை. இந்தியாவின் டைல்ஸ் உற்பத்தியில் மிகப் பெரும் பங்கு அந்த ஒரே ஊரையும் அதைச் சுற்றிய இடங்களையும் சேர்ந்தது. களிமண்ணும் ஃபெல்ஸ்பாரும் கலந்த பொடியை அழுத்தி, சுமார் 1,200 டிகிரி வெப்பத்தில் சுடுகிறார்கள். கண்ணாடிபோல் இறுகிவிடுவதால் விட்ரிஃபைடு டைல் உறிஞ்சும் தண்ணீர் அதன் எடையில் அரை சதவீதத்துக்கும் குறைவு. புளியோ மஞ்சளோ அதை ஒன்றும் செய்யாது. சூளைக்கு எரிவாயு வேண்டும் என்பதால், எரிவாயு விலை ஏறினால் மோர்பியில் டைல்ஸ் விலையும் ஏறும். போலாரத்தில் தரை போடுபவருக்கும் அது வந்து சேரும். டைல்ஸுக்கான ஜி.எஸ்.டி. 2017 நவம்பரில் 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. சிமென்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் அதே குறைப்பு கிடைத்திருக்கிறது.

விலை கேட்பதற்கு முன் அளவைப் புரிந்துகொள்வது நல்லது. கடைக்காரர் ‘இரண்டுக்கு இரண்டு’ என்று சொல்லும் டைல் உண்மையில் 600 மில்லிமீட்டர் சதுரம். ஒன்று நான்கு சதுர அடி அல்ல, 3.87 சதுர அடிதான். நான்கு டைல் கொண்ட பெட்டி 16 அல்ல, பதினைந்தரை சதுர அடி. வெட்டும்போதும் உடைவதிலும் வீணாவதற்கு ஐந்து முதல் பத்து சதவீதம் கூடுதலாக வாங்க வேண்டும். பெட்டிகளின் மேல் அச்சிட்ட நிற எண் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்காவிட்டால், கூடத்தின் நடுவே நிழல் விழுந்ததுபோல் ஒரு கோடு தெரியும்.

800 சதுர அடி வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாத வாடகை 12,000 ரூபாய். கணக்கு விளங்குவதற்காகச் சில விலைகளை வைத்துக்கொள்ளலாம். அவை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும். வீணாவதையும் சேர்த்தால் தரைக்கு 56 பெட்டி, அதாவது 868 சதுர அடி. வரி உட்படச் சதுர அடி 55 ரூபாய் என்றால் 47,740. சுவரோரம் நாலங்குல ஸ்கர்ட்டிங் 250 அடி நீளத்துக்கு இன்னும் 6 பெட்டி: 5,115. பதிக்கும் கூலி சதுர அடிக்கு 25 வீதம் 20,000. ஸ்கர்ட்டிங் கூலி 5,000. சிமென்ட், மணல், இடைவெளி நிரப்பும் பசை 20,000. பழைய கல்லைப் பெயர்த்து, குப்பையை வண்டியேற்ற 12,000. தரை உயர்ந்தால் கதவுகளை அடியில் அறுக்க 1,500. கூட்டினால் 1,11,355 ரூபாய். வேலை நடக்கும் ஒரு மாதம் வீடு காலியாக இருக்கும். அந்த வாடகையையும் சேர்த்தால் 1,23,355.

கடைக்காரர் சொன்னது 55 ரூபாய். வீட்டுக்காரர் முடிவில் கொடுப்பது சதுர அடிக்கு 154 ரூபாய். டைலின் விலை மொத்தச் செலவில் பாதிகூட இல்லை. போலாரம், அல்வால் பக்கம் முதன்முறையாகத் தரை மாற்றுபவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

புதுத் தரைக்காக வாடகை 1,500 ரூபாய் கூடுகிறது என்று வைத்துக்கொண்டால், போட்ட பணம் திரும்ப 82 மாதம் ஆகும். கிட்டத்தட்ட ஏழு வருடம். அதற்குள் மூன்று குடித்தனங்கள் மாறியிருக்கும். பீரோவை இழுத்த கீறலும், குழவி விழுந்த பொத்தலும், கிடைக்காமல் போன டிசைனில் உடைந்த இரண்டு டைலும் மிச்சமிருக்கும். அதனால்தான் அனுபவமுள்ள மேஸ்திரிகள் ஒரு பெட்டியைப் பிரிக்காமல் பரணில் வைக்கச் சொல்கிறார்கள்.

ஆனால் இதே கணக்கு வேறு விதமாகவும் போகும். கல் தரையைப் பார்த்துவிட்டு ஆட்கள் திரும்பிப் போகிறார்கள், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை குடித்தனம் மாறும்போதெல்லாம் வீடு இரண்டு மாதம் காலியாகக் கிடக்கிறது என்றால், வருடத்துக்கு 12,000 ரூபாய் போய்விடுகிறது. டைல்ஸ் அந்த நஷ்டத்தைத் தடுத்தால் மாதப் பயன் 1,500 அல்ல, 2,500. போட்ட பணம் நான்கு வருடத்தில் வந்துவிடும். எனவே வீட்டுக்காரர் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது கடையின் விலைப்பட்டியலை அல்ல, கடந்த ஐந்தாறு வருடங்களில் வீடு எத்தனை மாதம் பூட்டிக் கிடந்தது என்ற தன் குறிப்பு நோட்டை. ராணுவ மாற்றல்களை நம்பியிருக்கும் ஊரில் இந்த எண்ணிக்கை வாடகையைவிட முக்கியம்.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. கல் விரிசலின்றி இருந்தால் அதை மெஷின் வைத்து மெருகேற்றலாம். அதே 800 சதுர அடிக்கு, பாலிஷ் 25 ரூபாய் வீதம் 20,000. உடைந்த சில கற்களை மாற்றி இடைவெளிகளைப் புதிதாகப் பூச 5,000. பத்து நாள் வாடகை இழப்பு 4,000. மொத்தம் 29,000. வாடகை 700 ரூபாய் கூடினால்கூட மூன்றரை வருடத்தில் கணக்கு நேராகிவிடும். டைல் கீறினால் கீறியதுதான். கல்லை மறுபடி தேய்க்கலாம். ஒன்று உடைந்தால் தாண்டூரில் அதன் சகோதரன் இன்னும் கிடைப்பான். சமையலறையிலும் குளியலறையிலும் மட்டும் வழுக்காத, சொரசொரப்பான டைல் போட்டுவிட்டு, கூடத்திலும் படுக்கையறையிலும் கல்லை விட்டுவைப்பவர்களுக்குப் புளியின் தொல்லையும் தீர்கிறது, செலவும் குறைகிறது. பளபளக்கும் டைலில் தண்ணீர் சிந்தினால் வயதானவர்களுக்கு என்ன ஆகும் என்பதையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

டைல்தான் என்று முடிவெடுத்தவர்கள் கவனிக்க வேண்டியது டைலின் அடியில். விட்ரிஃபைடு டைல் தண்ணீரை உறிஞ்சாததால் வெறும் சிமென்ட் பாலில் சரியாகப் பிடிக்காது. அதற்கென்று உள்ள ஒட்டும் பசை தேவை. அல்லது கலவைப் படுகை இடைவெளியின்றி நிரம்பியிருக்க வேண்டும். நான்கு மூலையிலும் நடுவிலும் ஐந்து உருண்டை கலவை வைத்து அழுத்திவிட்டுப் போகும் வேகமான வேலை ஆறு மாதத்தில் காட்டிக்கொடுக்கும். ரூபாய் நாணயத்தால் தட்டினால் ‘டொக்’கென்று கேட்கும் இடமெல்லாம் பொள்ளல். கட்டில்கால் அதன்மேல் நின்றால் டைல் விரியும். டைல்களுக்கு நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இல்லாமல் நெருக்கிப் பதித்தால் கோடையில் விரிவதற்கு இடமின்றிக் கூடாரம்போல் எழும்பும். வேலை முடிந்து மேஸ்திரிக்குக் கடைசித் தவணை கொடுப்பதற்கு முன் ரசமட்டமும் ஒரு நாணயமும் கையுமாக வீடு முழுக்க ஒருமுறை நடந்துவிடுவது உத்தமம். குளியலறை வாட்டத்தைச் சோதிக்க ஒரு வாளித் தண்ணீர் போதும்.

கல்லைப் பெயர்க்காமல் அதன்மேலேயே டைலை ஒட்டுவதும் வழக்கமாகி வருகிறது. இடிப்புச் செலவும் தூசியும் மிச்சம். ஆனால் தரை அரை அங்குலத்துக்குமேல் உயரும், வாசற்படி தாழும், குளியலறைத் தண்ணீர் அறைக்குள் எட்டிப்பார்க்கும். அடியில் ஈரம் ஏறும் பழைய வீட்டில், வெளியே வர வழியில்லாத அந்த ஈரம் சுவருக்குத் திரும்பிச் சுண்ணாம்பை உதிர்க்கும்.

போலாரத்துக்கே உரிய இன்னொரு சிக்கல் எல்லைக்கோடு. ஊரின் ஒரு பகுதி கண்டோன்மென்ட் போர்டின் கீழ், மறு பகுதி மாநகராட்சியின் கீழ். கண்டோன்மென்டில் ‘ஓல்டு கிராண்ட்’ வகைப் பங்களாக்களில் நிலம் அரசுடையது; கட்டடம் மட்டுமே வைத்திருப்பவருடையது. தரை மாற்றும் சாக்கில் சுவரை நகர்த்துவதோ, வராந்தாவை அடைத்து அறையாக்குவதோ 2006-ஆம் ஆண்டுக் கண்டோன்மென்ட் சட்டத்தின் கீழ் அனுமதி இல்லாமல் முடியாது. டைல்ஸ் போட வந்த வேலை நோட்டீஸில் போய் முடியக்கூடாது என்றால் தொடங்குமுன் போர்டு அலுவலகத்தில் விசாரித்துவிட வேண்டும்.

வருமான வரியில் வீட்டுக்காரருக்கு ஒரு வசதியும் ஒரு ஏமாற்றமும் உண்டு. வாடகையிலிருந்து தான் கட்டிய சொத்து வரியைக் கழித்தபின், மீதியில் 30 சதவீதத்தைப் பராமரிப்பு வகையறாவுக்கு என்று சட்டம் தானாகவே கழித்துக்கொடுக்கிறது. ரசீது கேட்பதில்லை. ஆனால் உண்மையில் ஒரு லட்சம் செலவழித்தவருக்கும் ஒரு பைசா செலவழிக்காதவருக்கும் அதே 30 சதவீதம்தான். டைல்ஸ் கடை ரசீதைக் காட்டி வாடகை வருமானத்தில் மேலும் கழிக்க முடியாது. கடன் வாங்கிப் பழுது பார்த்தால், வாடகைக்கு விட்ட வீட்டின் கடன் வட்டியைக் கழிக்கலாம்; அசலை அல்ல. வட்டியை மேலே சொன்ன கணக்கில் சேர்த்தால் ஏழு வருடம் இன்னும் நீளும்.

குடியிருப்பவர் இருக்கும்போதே தரையை மாற்றி வாடகையைக் கூட்ட நினைப்பவர்கள், மத்திய அரசு 2021-இல் மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரி வாடகைச் சட்டத்தின் முறையைப் பின்பற்றலாம். வேலை தொடங்குமுன் எழுத்தில் உடன்பாடு. வேலை முடிந்து ஒரு மாதம் கழித்துக் கூடுதல் வாடகை. சாதாரணப் பழுதுபார்ப்பு இதில் சேராது. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்திலும் இதே கருத்து இருக்கிறது. சட்டம் இருக்கிறதோ இல்லையோ, தரை எந்த நிலையில் ஒப்படைக்கப்பட்டது, உடைந்தால் யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்த்து, நாலு புகைப்படம் இணைத்துவிட்டால் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் மனக்கசப்பு வராது.

பெயர்த்த கல் எங்கே போகிறது என்பது கடைசிக் கேள்வி. கட்டட இடிபாடுகளை மறுசுழற்சி செய்யும் நிலையம் ஒன்று போலாரத்திலிருந்து அதிக தூரமில்லாத ஜீடிமெட்லாவில் 2020-இல் தொடங்கப்பட்டது. ஆனால் ராத்திரி நேரத்தில் வண்டிக்காரர் குறைந்த கூலிக்கு ஏற்றிக்கொண்டுபோகும் கல், பல நேரங்களில் ஏதாவதொரு ஏரிக்கரையில்தான் விழுகிறது. ஏரியைத் தூர்த்த மண்ணும் கல்லும் அடுத்த மழைக்காலத்தில் தண்ணீராக வீட்டு வாசலுக்கே திரும்பி வருவதை ஹைதராபாத் பலமுறை பார்த்துவிட்டது. முழுசாகப் பெயர்ந்த கற்களை விற்கலாம். முற்றத்திலோ மொட்டை மாடியிலோ பதிக்கலாம். கடப்பாரையைத் தாறுமாறாகப் போட்டால் எதற்கும் உதவாது.

அதற்கும் முன்னால் செய்யக்கூடிய சின்ன வேலை ஒன்று இருக்கிறது. வீடு காலியானதும் மேஸ்திரியை அழைத்து, படுக்கையறை மூலையில் ஒரே ஒரு கல்லை அலுங்காமல் பெயர்க்கச் சொல்ல வேண்டும். அடியில் மண் ஈரமாக இருக்கிறதா, பழைய கலவை கெட்டியாக நிற்கிறதா, கல்லின் கனம் இன்னொரு பாலிஷ் தாங்குமா என்று பார்த்துவிடலாம். அடி பொலபொலத்திருந்தால், தரை முழுவதையும் எடுக்கத்தான் வேண்டும். டைல்ஸ் செலவு நியாயமானதே. கல்லும் அடியும் நன்றாக இருந்தால், அதை அங்கேயே திருப்பிப் பதித்துவிட்டுப் பாலிஷ் மெஷினுக்குச் சொல்லி அனுப்பலாம். ஒரு லட்சத்தின் தலைவிதியைத் தீர்மானிக்கும் இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு, மேஸ்திரியின் அரை நாள் கூலி.